வேலூர்ப் பக்கத்தில் நாணயம் சேர்க்க ஆரம்பிப்பவருக்கு

நாணயம் சேர்க்க ஆசைப்படுகிற பலர் பர்ஸைத் திறந்துகொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள். இந்த வாரம் ஒரு யூடியூப் வீடியோ, அடுத்த வாரம் ஆன்லைனில் ஓர் ஆர்டர், அதற்கடுத்த வாரம் "இது ஒரிஜினலா சார்?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. நான் சொல்லும் வரிசை வேறு. முதல் இரண்டு மூன்று மாதம் எந்தக் காசையும் வாங்காதீர்கள். கண் பழகட்டும். வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் என்று எங்கே இருந்தாலும் கண்ணைப் பழக்கத் தேவையான காசு உங்கள் சட்டைப்பையிலும் வீட்டுப் பீரோவிலும் கண்டிப்பாக இருக்கிறது.

வாங்க வேண்டிய சாமான் நாலே நாலு. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று. விட்டம் அளக்கப் பிளாஸ்டிக் வெர்னியர். ஒரு காந்தத் துண்டு. நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடையில் கேட்டால் முதல் இரண்டும் கிடைத்துவிடும். ஆல்பம், கேப்ஸ்யூல் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

சில்லறையில் ஆரம்பியுங்கள்

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் காசுகளை ஒரு தட்டில் கொட்டி, ஆண்டு எண்ணுக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பாருங்கள். சின்ன டைமண்ட் இருந்தால் மும்பை நாணயச்சாலை. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. நொய்டா நாணயச்சாலை 1988இல்தான் தொடங்கியது. ஆகவே பிரிட்டிஷ் காலக் காசில் புள்ளியைப் பார்த்துவிட்டு நொய்டா என்று சொல்லிவிடாதீர்கள். அது பம்பாய்க் குறியாக இருக்கலாம்.

உள்ளூர் நாணயச்சாலைகளால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போன காலங்களில் அரசு வெளிநாட்டிலும் காசு அடித்து வாங்கியிருக்கிறது. 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாய்க் காசில் ஆண்டுக்குக் கீழே எச் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஹீட்டன் நாணயச்சாலையில் அடித்தது. அந்தக் காலத்துக் கனமான ஒரு ரூபாய் இப்போது புழக்கத்தில் சிக்குவது அபூர்வம்தான். உண்டியலிலும் பழைய டப்பாக்களிலும் இன்னும் கிடக்கிறது.

ஒரே ஆண்டின் ஒரு ரூபாயை நாலு சாலைகளிலிருந்தும் சேர்ப்பது முதல் பயிற்சிக்கு நல்ல வேலை. செலவு நாலே ரூபாய். அதில் அலுப்பு தட்டினால் இந்தப் பொழுதுபோக்கு உங்களுக்குச் சரிப்படாது என்பதையும் அதே நாலு ரூபாய்க்குத் தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் நினைவு நாணயங்கள். நம் பக்கத்துக்காரருக்கு ஒரு பட்டியல் தருகிறேன். 1995 தஞ்சாவூர் எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு. ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் மூன்றிலும் உண்டு. 2003இல் காமராஜர் நூற்றாண்டு ஐந்து ரூபாய். 2009இல் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய். அதில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. 2010இல் தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாண்டுக் காசும் சி. சுப்பிரமணியம் காசும். 2015இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் 125ஆவது பிறந்த ஆண்டுக்கான பத்து ரூபாய். அவர் பிறந்த திருத்தணி அன்று வட ஆற்காட்டில் இருந்தது, படித்தது வேலூர் ஊரீசு கல்லூரியில். வேலூர்க்காரர் ஆல்பத்தில் அந்தக் காசு இல்லாமல் இருக்கலாமா? 2024இல் வந்த கலைஞர் நூறு ரூபாய், 'தமிழ் வெல்லும்' என்ற வரியோடு, புழக்கத்துக்கு விட்டதல்ல. இந்த மாதிரி விற்பனைக்கென்றே வரும் காசுகளை அரசு நாணயச்சாலையின் இணையதளத்தில் நேரடியாக வாங்கலாம். வெளிச் சந்தையில் இரட்டிப்பு கொடுக்காதீர்கள்.

பத்து ரூபாய்க் காசைக் கடையிலும் பஸ்ஸிலும் வாங்கமாட்டேன் என்று நம் ஊர்களில் பல வருஷம் தகராறு நடந்தது. அதுவரை வந்த பதினாலு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கையே விட்டது. சேகரிக்கிறவருக்கு இதில் லாபம்தான். மளிகைக்கடை அண்ணாச்சியிடம் "பத்து ரூபாய் காசா இருந்தா குடுங்கண்ணே, நான் நோட்டு தர்றேன்" என்று கேட்டுப் பாருங்கள். மூட்டையையே அவிழ்த்துக் காட்டுவார்.

வீட்டுப் பீரோ

அடுத்தது பெரியவர்கள். அக்ஷய திருதியைக்கும் வரலட்சுமி நோன்புக்கும் பூஜையில் வைக்கிற வெள்ளி ரூபாய் நம் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. "பெரியம்மா, அந்த ராணி ரூபாயைக் காட்டுங்க, பார்த்துட்டுக் குடுத்துடறேன்" என்று கேளுங்கள். விலை பேசாதீர்கள். "எங்க மாமியார் குடுத்தது" என்று அவர் சொல்லும் காசை விலை கேட்பது மரியாதை இல்லை. பார்க்கக் கிடைத்தாலே போதும்.

பார்க்கும்போது கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. காலணா என்றால் மூன்று தம்பிடி. நடுவில் ஓட்டை போட்ட காலணா 1943 முதல் 1947 வரை வந்தது; யுத்த காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட ஓட்டை. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்து ரூபாய்க்கு நூறு காசு ஆனது. 1964இல் 'நயா' போய் வெறும் பைசா ஆயிற்று. நாலணா என்று நாம் சொல்லிவந்த 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போயின. எட்டணா இன்னும் செல்லும். சொன்னால் யாரும் நம்புவதில்லை, அவ்வளவுதான்.

வெள்ளி ரூபாயில் ராஜா ராணியைப் பார்த்தே காலம் சொல்லலாம். 1835இல் வில்லியம், 1840 முதல் விக்டோரியா. 1877 முதல் 'குயின்' போய் 'எம்ப்ரஸ்' வருகிறது. 1903 முதல் 1910 வரை கிரீடம் இல்லாத எட்வர்ட். 1911 முதல் கிரீடம் வைத்த ஐந்தாம் ஜார்ஜ். அப்புறம் ஆறாம் ஜார்ஜ். ஆண்டு எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாயை அதே ஆண்டோடு 1870கள் வரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். எந்த வருஷத்தில் அடித்தது என்பதைப் புள்ளிகளின் எண்ணிக்கையில்தான் கண்டுபிடிக்க வேண்டும். "எங்ககிட்ட 1862 இருக்கு, ரொம்பப் பழசு" என்று யாராவது சொன்னால் அது பழசுதான், ஆனால் அபூர்வம் இல்லை. 1939 போட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அதைவிட எத்தனையோ வருஷம் இளையது. அபூர்வமோ அதுதான். அபூர்வம் என்பதாலேயே அதில் போலியும் அதிகம்.

தராசும் தண்ணீரும்

1835 முதல் 1939 வரையிலான ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92. தேய்ந்த காசு கொஞ்சம் குறையும். ஆனால் பளிச்சென்று எழுத்தெல்லாம் கூர்மையாக நிற்கிற காசு பத்தரை கிராம்தான் என்றால் தூக்கிக் கீழே வையுங்கள். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். 1947 ரூபாய் சுத்த நிக்கல். பின்பக்கம் புலி நடக்கும், காந்தத்தில் ஒட்டும். 1950இல் வந்த குடியரசின் முதல் ரூபாயில் புலி இல்லை, ஆனால் அதுவும் நிக்கல்தான், காந்தத்தில் ஒட்டும். விக்டோரியா ரூபாய் காந்தத்தில் ஒட்டினால் மேற்கொண்டு யோசிக்க எதுவுமில்லை.

காந்தத்தில் ஒட்டாத போலிகளும் உண்டு. அதற்குத் தண்ணீர்ச் சோதனை. தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் 10.3 பக்கம் வர வேண்டும். 11.66 கிராம் ரூபாய் என்றால் தராசு ஏறக்குறைய 1.13 காட்டும். 1.3க்கு மேல் போனால் அது வெள்ளி ரூபாய் இல்லை. செம்பு, நிக்கல் கலவையில் வெள்ளி முலாம் பூசியிருப்பார்கள். இந்தச் சோதனை காசைச் சேதப்படுத்தாது. ஆசிட் சொட்டும் உரைகல்லும் சேதப்படுத்தும், அதனால் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

தரம் பார்ப்பது

இந்தப் பொழுதுபோக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஒரே ஆண்டு, ஒரே சாலை, ஒரே ராஜா; ஒரு காசு வெள்ளி விலைக்குப் போகும், இன்னொன்று அதைப்போலப் பல மடங்குக்குப் போகும். வித்தியாசம் தேய்மானத்தில்.

வியாபாரிகள் வாயில் புழங்கும் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கீழிருந்து மேலாக: ஜி, விஜி, எஃப், விஎஃப், எக்ஸ்எஃப், ஏயூ, யூஎன்சி. ஜி என்றால் 'குட்'. பெயர்தான் குட், நிஜத்தில் உருவம் வெறும் கோடாகத் தெரிகிற மொண்ணைக் காசு. எஃப்பில் எழுத்து முழுவதும் படிக்க முடியும், ஆனால் முடி, நகை, துணி மடிப்பு எல்லாம் வழவழப்பாகப் போயிருக்கும். விஎஃப்பில் பாதி நுணுக்கம் மிஞ்சும். எக்ஸ்எஃப்பில் மேடான இடங்களில் மட்டும் தேய்மானம். ஏயூவில் அதுவும் லென்ஸ் வைத்தால்தான் தெரியும். யூஎன்சி என்றால் புழக்கத்துக்கே போகாதது. இதையே அமெரிக்காவில் 1949இல் ஷெல்டன் என்பவர் 1 முதல் 70 வரை எண்ணாக்கினார். சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் வரும் காசுகளில் நீங்கள் பார்க்கும் எண் அதுதான்.

பெயரை மனப்பாடம் செய்து பிரயோஜனம் இல்லை. ஒரு காசை எடுத்துக்கொள்வோம். 1917ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், நம் வீடுகளில் சாதாரணமாகக் கிடைப்பது. டேபிள் விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள், நேர் மேலே வேண்டாம். முதலில் கிரீடத்தைப் பாருங்கள். அதில் வரிசையாக முத்துகள் இருக்கும். ஒவ்வொரு முத்தும் தனித்தனி உருண்டையாக நின்றால் நல்ல காசு. ஒன்றோடொன்று ஒட்டிப் பட்டையாகிவிட்டால் விஎஃப்புக்குக் கீழே. அடுத்து காது. காதின் உள்மடிப்பு தெரிகிறதா, வெறும் மேடா? பிறகு கன்னமும் தாடியும் சந்திக்கிற இடம். கடைசியில் அங்கியின் மேல் கிடக்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை. லென்ஸுக்குக் கீழே அதன் தும்பிக்கையும் காலும் பிரிந்து தெரிந்தால் எக்ஸ்எஃப் பக்கம் யோசிக்கலாம். யானை வெறும் கட்டியாக இருந்தால் மற்ற எல்லாம் எவ்வளவு பளபளத்தாலும் மயங்க வேண்டாம்.

யானை என்றதும் ஒன்று. 1911இல் வந்த முதல் ரூபாயில் அந்த யானையின் தும்பிக்கை குட்டையாகப் போய், பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று பெரிய சச்சரவு எழுந்தது. காசைத் திரும்பப் பெற்று, 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். இன்று '1911 பன்றி ரூபாய்' என்று தேடி வாங்குகிறார்கள். ஆண்டு எண்ணின் கடைசி இலக்கத்தைச் சுரண்டித் திருத்திய 1911களும் அதனால் சந்தையில் திரிகின்றன. கடைசி '1'ஐச் சுற்றி உள்ள வெற்றுப் பரப்பு மற்ற இடங்களைவிடக் குழிவாகவோ கீறலாகவோ இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். யானையையும் பாருங்கள்: ஆண்டைத் திருத்துகிறவன் யானையைத் திருத்துவதில்லை.

அப்புறம் மினுமினுப்பு. அச்சில் அடிபடும்போது உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழிந்தோடுவதால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வரிகள் விழும். விளக்குக்குக் கீழே காசைச் சாய்த்துச் சுழற்றினால், ஆரணிப் பட்டைத் திருப்பும்போது ஒளி ஓடுமே, அதுபோல ஒளிக்கீற்று ஒன்று சுற்றி வரும். யூஎன்சி காசில் அந்தக் கீற்று எங்கும் அறுபடாது. ஏயூவில் மேடான இடத்தில் மட்டும் அறுபடும். பாலிஷ் போட்ட காசில் கீற்றே இருக்காது. ஒரே மாதிரி பளபளக்கும், லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். இந்த ஒரு வித்தியாசம் கண்ணில் பதிந்துவிட்டால் வியாபாரி சொல்லும் 'மின்ட் கண்டிஷன்' எது நிஜம், எது பீதாம்பரிப் பொடி என்று உங்களுக்கே தெரியும்.

நம் பக்கத்து வெள்ளி ரூபாயில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். காசுமாலைக்கும் தாலிச்சரட்டுக்கும் வளையம் பற்றவைத்து, பிறகு கழற்றிய காசுகள் நிறைய. ராஜாவின் தலைக்கு நேர் மேலே விளிம்பில் விரல் நகத்தை ஓட்டுங்கள். பல் வரிசை அந்த இடத்தில் மட்டும் வழவழப்பாக இருந்தால் பற்றவைத்து அரம் போட்டது. தரம் என்னவாக இருந்தாலும் விலை பாதிக்குக் கீழே. குடும்பத்தில் வைத்துக்கொள்ள அதுதான் அழகு என்பேன், ஆனால் அது வேறு கணக்கு.

பழக ஒரு வழி: பத்துக் காசை வரிசையாக வைத்து நீங்களே தரம் எழுதுங்கள். எழுதியதை மடித்து வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகத் தொடங்கினால் கடைக்குப் போகத் தயார்.

தவறி அடித்த காசுகள்

நாணயச்சாலையில் பிழையாக அடிபட்டு வெளியே வந்த காசுக்குத் தனி மோகம் உண்டு. சில்லறையிலேயே தேடலாம் என்பதால் புதியவர்களுக்கு ஏற்றது.

எளிதாகச் சிக்குவது திரும்பிய அச்சு. காசை மேலும் கீழுமாக நேராகப் பிடித்து, புத்தகப் பக்கம் திருப்புவது போலத் திருப்புங்கள். நம் காசில் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது. பத்து டிகிரி சாய்வுக்கு யாரும் காசு தரமாட்டார்கள். தொண்ணூறோ, தலைகீழோ என்றால் எடுத்து வையுங்கள்.

அடுத்தது ஓரம் கடித்த காசு. உலோகத் தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போது தகடு சரியாக நகராமல், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் மறு வெட்டு விழுந்தால் பிறை வடிவில் ஒரு துண்டு குறையும். வீட்டில் அரம் போட்டும் இதைச் செய்யலாம். பிரித்துப் பார்க்க ஒரு சூட்சுமம்: கடிபட்ட இடத்துக்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். நிஜமானதில் பெரும்பாலும் அங்கே விளிம்பு மேடு மங்கலாக, சரியாக எழும்பாமல் இருக்கும். விளிம்பு எழுப்பும் இயந்திரத்தில் ஒரு பக்கம் பிடிமானம் இல்லாததால் எதிர்ப்பக்கமும் அழுத்தம் வாங்குவதில்லை. அரம் போட்டவனுக்கு இது தெரியாது.

ஒரு பக்கம் சரியான உருவம், மறுபக்கம் அதே உருவம் குழிவாகவும் இடவலமாகவும் இருந்தால், முன்னால் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையின் மேல் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். இது கிடைத்தால் அதிர்ஷ்டம். மையம் தவறி ஓரமாக அடிபட்டதும் நல்லதுதான், ஆண்டு தெரிந்தால் இன்னும் நல்லது. காசின் மேல் மேடான கோடு தெரிந்தால் அச்சில் விழுந்த விரிசல். குழிவான கோடு என்றால் யாரோ கீறியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.

பத்து ரூபாய்க் காசில் நடுவட்டம் இல்லாமல் வெறும் வளையம் என்று விற்பார்கள். பெரும்பாலும் தட்டிக் கழற்றியது. வளையத்தின் உள்விளிம்பில் தேய்த்த தடமும் நசுங்கலும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நம் மண்ணின் காசு

வேலூர்ப் பக்கம் இருந்துகொண்டு ஆற்காட்டு ரூபாயைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காடு கர்நாடக நவாப்களின் தலைநகரம். அங்கே முகலாயப் பாதுஷாவின் பெயரில் வெள்ளி ரூபாய் அடிபட்டது. அந்த ரூபாய்க்கு வியாபாரத்தில் இருந்த மதிப்பைப் பார்த்து, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1736இல் அனுமதி வாங்கி அதே மாதிரி அடித்தார்கள். சென்னையில் ஆங்கிலேயர்கள் 1742இல் அந்த உரிமையைப் பெற்றார்கள். மூன்று இடத்துக் காசிலும் பாரசீக எழுத்தில் ஆற்காடு என்றே இருக்கும். பிரிக்கும் அடையாளம் சின்னக் குறிதான்: பிறை இருந்தால் புதுச்சேரி, தாமரை இருந்தால் சென்னை. சென்னையில் முகலாயப் பாதுஷா இரண்டாம் ஆலம்கீரின் பெயரையும் ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்ற கணக்கையும் அவர் செத்துப் பல பத்தாண்டு கழித்தும் மாற்றாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாலாற்றங்கரையில் ஒரு டெல்லி கேட்டை மட்டும் விட்டுவிட்டுப் போன ஊரின் பெயர், பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இப்படிக் காசில் சுற்றியது.

பழைய ஆற்காட்டு ரூபாய் தடித்த, சின்ன வில்லை. எடை பதினோரு கிராமுக்குச் சற்று மேல். அச்சு வில்லையைவிடப் பெரியதாக இருந்ததால் முழு வாசகம் ஒரே காசில் விழாது. அதனால் தரம் பார்க்கும் முறையும் வேறு: தேய்மானத்தோடு கூட, குறியும் ஆண்டும் ஊர்ப்பெயரும் வில்லைக்குள் விழுந்திருக்கிறதா என்பதுதான் விலையை முடிவு செய்யும். பாரசீகம் படிக்க வரவேண்டாம். தாமரையையும் பிறையையும் கண்டுபிடிக்க வந்தால் பாதி வேலை முடிந்தது. மேல்விஷாரத்திலோ ஆம்பூரிலோ உருது வாசிக்கும் நண்பர் இருந்தால் மீதியும் முடியும்.

கையில் காசு குறைவு என்றால் செம்புப் பக்கம் வாருங்கள். வாலாஜாபேட்டைக்குப் பெயர் கொடுத்த நவாப் முகமது அலி வாலாஜாவின் சின்னச் செம்புக் காசுகள், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் 1803, 1808ஆம் ஆண்டுக் காசுகள், திப்புவின் யானைக் காசு எல்லாம் இந்தப் பகுதியில் புழங்கியவை. அன்றைய சென்னைக் கணக்கில் எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன், ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். இங்கிலாந்தில் அடித்துக் கப்பலில் வந்த 1808 பத்துக் காசு, இருபது காசுகளில் ஒரு பெரிய சரக்கு 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பலோடு இங்கிலாந்துக் கரையருகே மூழ்கி, பின்னால் வெளியே எடுக்கப்பட்டது. அதனால் அந்த ஆண்டுக் காசு பளபளவென்று கிடைத்தால் உடனே போலி என்று தள்ளிவிட வேண்டாம்.

வேலூர்க் கோட்டை ஆரவீடு வம்சத்து விஜயநகர அரசர்களின் இருப்பிடமாக இருந்தது. வளைவுக்குள் வேங்கடேசப் பெருமாள் நிற்கும் வேங்கடபதி ராயரின் தங்க வராகன் அந்த மரபில் வந்தது. அது புதியவருக்கான காசு இல்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்தில் அந்தக் காலத்துக் காசுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் நிஜக் காசைப் பார்ப்பது போட்டோவில் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

எங்கே தேடுவது

வேலூருக்கு ஒரு தனி வசதி சிஎம்சி மருத்துவமனை. காந்தி ரோட்டு லாட்ஜ், மெஸ், மருந்துக்கடைகளில் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் புழங்குகிறார்கள். பாலம் போட்ட வங்கதேச ஐந்து டாக்கா, பூட்டான் காசு, நேபாளக் காசு எல்லாம் சில்லறையோடு கலந்து கல்லாவுக்கு வரும். கடைக்காரருக்கு அது செல்லாத காசு, தொல்லை. டீக்கடையில் முகம் பழகிவிட்டால் உங்களுக்காகத் தனியே எடுத்து வைப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வியாபாரக் குடும்பங்களில் வெளிநாட்டுச் சில்லறை மிட்டாய் டப்பாவில் கிடக்கும்.

பழைய பாத்திரக்கடை, அடகுக்கடை, எடைக்கு வெள்ளி வாங்கும் கடை மூன்றும் சொல்லி வைக்க வேண்டிய இடங்கள். வெள்ளி ரூபாய்க்கு அடிவிலை எளிதாகப் போடலாம்: 1939 வரையிலான ஒரு ரூபாயில் ஏறக்குறைய 10.7 கிராம் வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதற்கு மேல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். "பழசு" என்பது பதில் இல்லை. ஆண்டு, சாலை, தரம் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

விலை தெரிந்துகொள்ள, விற்பனைக்குப் போட்ட விலையைப் பார்க்காதீர்கள். யார் வேண்டுமானாலும் கோடி என்று போடலாம். விற்று முடிந்த விலையைப் பாருங்கள். மும்பை, பெங்களூரு ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை இணையத்தில் வைத்திருக்கின்றன. காசை அடையாளம் காண நியூமிஸ்டா தளம் இலவசம்.

ஏமாற்று வேலைகள்

2012இல் வந்த வைஷ்ணோ தேவி ஐந்து, பத்து ரூபாய்க் காசு லட்சங்களுக்குப் போகும் என்ற புரளி ஓயவே இல்லை. ஏராளமாக அடித்த காசு அது. அழகாக இருக்கிறது, ஆல்பத்தில் வையுங்கள். பழைய காசை லட்சத்துக்கு வாங்கிக்கொள்கிறோம், முன்பணமாகப் பதிவுக் கட்டணமும் வரியும் கட்டுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி இப்படிக் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. விற்கிறவர் பணம் கட்டும் வியாபாரம் உலகத்தில் எங்கேயும் இல்லை.

அனுமார், ராமர் பட்டாபிஷேகம், தாமரை, ஓம் எல்லாம் போட்ட '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' அரையணா காசு நாணயச்சாலையில் அடித்ததே அல்ல. கம்பெனி அப்படி எதையும் வெளியிடவில்லை. அதை வைத்துத்தான் அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று நம் மாவட்டங்களில் நிலத்தை விற்ற ஆட்கள் உண்டு. யாராவது காசைப் பக்கத்தில் வைத்து அரிசி நகர்வதைக் காட்டினால், காசைப் பார்க்க வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

கழுவாதீர்கள், கொஞ்சம் சட்டமும்

புளி, சாம்பல், விபூதி, டூத்பேஸ்ட், பீதாம்பரி எதுவும் காசின் மேல் படக்கூடாது. செம்பின் கருமையும் வெள்ளியின் மங்கிய நிறமும் அழுக்கு அல்ல. பூஜைக் காசில் சந்தனம், குங்குமம் கெட்டித்திருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஓர் இரவு ஊறவைத்து, பஞ்சால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். காசை விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் வைத்தால் ரேகை வருஷக்கணக்கில் நிற்கும். மலிவான மெத்தென்ற பிவிசி உறையில் வைத்தால் பச்சையாகப் பிசுபிசுப்பு பிடிக்கும். ஜன்னல் வைத்த அட்டை உறை போதும், டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்.

கிணறு, கடைக்கால் தோண்டும்போது காசு கிடைத்தால் அது கண்டெடுத்தவர் சொத்து ஆகிவிடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தாசில்தார் அலுவலகம் வழியாகப் போகலாம். பயந்து உருக்கிவிடுகிறவர்களால்தான் சரித்திரம் போகிறது. செங்கம் பக்கம் ஆண்டிப்பட்டியில் கிடைத்த, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஈயக் காசுகளை அன்று உருக்கியிருந்தால் அப்படி ஒன்று இருந்தது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. நூறு வருஷம் தாண்டிய காசை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவோ அனுப்பவோ 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. துபாயில் இருக்கும் மச்சான் கேட்டாலும் ஐந்தாம் ஜார்ஜ் 1917ஐப் பார்சலில் போடாதீர்கள். இப்போது செல்லும் காசை உருக்குவதும் வெட்டுவதும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஆண்டு, சாலை, எடை, உங்கள் கணிப்பில் தரம், யாரிடம் வாங்கியது, கொடுத்த விலை, தேதி. எக்ஸலில் வைத்தாலும் சரி. வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். இல்லையென்றால் உங்கள் 1939 ரூபாய் என்றாவது ஒருநாள் வெள்ளி எடைக்குப் போய்விடும்.